மாப்பிள்ளையின் தலைக்கு மேல் இறங்கும் விமானம்

786

இராஜபாளையம்,
14.11.1999

பெருமதிப்புக்குரிய மருமகன் அல்லா பிச்சை அவர்களுக்கு மாமனார் ஜெய்னுலாப்தீன் ஸலாமுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியார் ரஹ்மத் பீவியும் தங்கள் துணைவி சௌதாவும் அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையுமின்றி இருக்கிறோம். மனசுக்கு இருக்கிற குறையை அடுத்த பாராவிலிருந்து எழுதுகிறேன். தாங்கள் சிங்கப்பூரில் பூமிக்கு மேலே இருக்கும் நேரத்திலும் பூமிக்குக் கீழே இருக்கும் நேரத்திலும் ஒரே மாதிரி சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். இங்கே மழை பரவாயில்லை. நம் பேண்டேஜ் துணித் தறி பன்னிரண்டில் பதினொன்று ஓடுகிறது. ஓடாத ஒன்றும் என்னைப் பார்த்தால் மட்டும்தான் ஓட மாட்டேன் என்கிறது.

தாங்கள் அனுப்பிய மூன்று விமான டிக்கெட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. டிசம்பர் ஐந்தாம் தேதிக்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் மெட்ராஸிலிருந்து புறப்படலாம், அதற்கு மேல் செல்லாது என்று எழுதியிருந்தீர்கள். சிநேகிதர் வீட்டு மாடியில் ஒரு மாதத்துக்கு அறை பிடித்து, புதுப் பாய் வாங்கிப் போட்டு, ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்து வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கல்யாணமான நாற்பத்தோராம் நாள் பிளேன் ஏறிப் போன மருமகன், இரண்டு வருஷம் கழித்து மனைவியை மட்டுமல்லாமல் மாமனார் மாமியாரையும் சேர்த்துக் கூப்பிடுகிறார் என்றால் அந்தக் குணத்தை நான் யாரிடம் போய்ச் சொல்லுவேன், எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. ஆனால் மாப்பிள்ளை, டிக்கெட் வைத்த அதே கவரில் ஒரு கடிதமும் வைத்திருந்தீர்கள். அதை வைக்காமல் இருந்திருக்கலாம். முழுக் கடிதத்தையும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒரு நாலு வரி மட்டும்.

இங்கே ஊரில் எல்லோரிடமும் மருமகனுக்கு சிங்கப்பூர் ஏர்போர்ட்டில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏர்போர்ட்டில்தான் வேலை. எந்த உயரத்தில் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பட்டணத்திலிருந்து ஏர்போர்ட்டுக்குப் பூமிக்கடியில் ரயில் விடப்போகிறார்கள், அதற்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள், அதில் மாப்பிள்ளை சர்வே சூப்பர்வைசர், மண்வெட்டியெல்லாம் கிடையாது, முக்காலியில் ஒரு கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் வேலை என்ற வரைக்கும் வீட்டுக்குள் தெரியும். சுரங்கம் ஏதோ ஒரு ரோட்டுக்குக் கீழே போகிறது என்று நினைத்து நிம்மதியாக இருந்தோம். ரோடு என்றால் ஒரு பஸ் போகும், ஒரு லாரி போகும், அவ்வளவுதானே.

அன்றைக்கு சௌதாதான் கடிதத்தைச் சத்தமாக வாசித்தாள். முதல் பக்கம் முடிகிறவரை உங்கள் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் தாங்கள் எழுதியிருந்தது இது: "நாங்கள் தோண்டிவரும் சுரங்கம் இப்போது விமான ஓடுபாதைக்கு நேர் கீழே வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. மேலே விமானம் இறங்கும்போது லேசாகத் 'தும்' என்று கேட்கும். எங்களுக்குப் பழகிவிட்டது."

உங்கள் மாமியார் கையிலிருந்த கீரைக் காம்பு கீழே விழுந்தது.

"தும்முன்னா எப்படித் தும்மு? கதவு சாத்துற மாதிரியா, நூல் மூட்டையப் போடுற மாதிரியா?"

"லேசான்னு எழுதியிருக்காகம்மா," என்றாள் சௌதா.

"கீழ இருக்கவுகளுக்கு லேசாக் கேக்குதுன்னா, மேல எம்புட்டுக் கேக்கும்?"

நான் குறுக்கே புகுந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று மாப்பிள்ளையே எழுதியிருக்கிறாரே என்றேன். அதற்கு உங்கள் மாமியார், பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில் இருக்கிறவன் எதற்கு அப்படி எழுதப்போகிறான், தறிக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் சீட்டு அனுப்பும்போது நீங்க என்னைக்காவது பயப்பட ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்கீகளா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். எழுதியதில்லை.

சரி, பயந்தது பயந்தாகிவிட்டது, இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்று விட்டிருந்தேன். மறுநாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே உங்கள் மாமியார் அடுத்த கேள்வியைப் போட்டாள். "நாம ஏறிப் போற பிளேனும் அங்கனதான எறங்கும்?" அங்கேதான் இறங்கும் என்றேன். "அப்போ பெத்த மகளையும் கூட்டிக்கிட்டு நாமளே போயி அவரு தலையில எறங்கவா?" என்றாள். இதற்கு நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றைக்கே தறிக்கூடத்தில் நூல் மூட்டை நிறுக்கிற தராசில் மூவரும் ஏறி நிற்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் மாமியார் எழுபத்தெட்டு கிலோ, நான் அறுபத்து மூன்று, சௌதா நாற்பத்தெட்டு. தங்களுக்கென்று போட்டு வைத்திருக்கும் நார்த்தங்காய் ஊறுகாய், பரணியோடு ஆறரை. விமானமே எத்தனையோ ஆயிரம் கிலோ இருக்கும், அதில் நாம் எம்மாத்திரம் என்று சொன்னதற்கு, "அது அவுக பாடு. நம்ம பங்குக்கு நாம ஏத்தக் கூடாதுல்லா?" என்று பதில் வந்தது.

ஊறுகாயை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் என்றாள் சௌதா.

மாப்பிள்ளை, இதைக் கேட்டுத் தாங்கள் சிரிக்கக் கூடாது. உங்கள் மாமியாருக்கு மண் என்றால் பயப்படக் காரணம் உண்டு. எட்டு வயதில் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிணற்றை ஆழப்படுத்துகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போய், கரை சரிந்து, கழுத்து வரைக்கும் மண்ணுக்குள் நின்று, ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் கையால் தோண்டி வெளியே எடுத்தார்கள். கடப்பாரை பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினார்களாம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி வெளியே யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கும் மழைக்காலத்தில் ஈரமண் வாசனை வந்தால் எல்லோரும் ஆகா என்று மூக்கை விரிப்பார்கள், உங்கள் மாமியார் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆகையால் நான் கோபித்துக்கொள்ளவில்லை. படித்தவர் ஒருவர் சொன்னால் பயம் தெளியும் என்று நினைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் சாரங்கபாணி என்று ஒருவர். அரசாங்கத்தில் ரோடும் பாலமும் போடுகிற ஓவர்சியராக முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய பாலம் ஒன்றும் விழவில்லை என்று அவரே சொல்லுவார். உங்கள் மாமியாரையும் சௌதாவையும் டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். மனுஷர் அன்பானவர். உட்கார வைத்து, அவருடைய வீட்டம்மா வஞ்சுளவல்லி பால்கோவாவும் காப்பியும் கொடுத்து, விஷயத்தைக் கேட்டதும் ஒரு பழைய காலண்டரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். மேலே விமானம், நடுவில் மண், கீழே வட்டமாகச் சுரங்கம், சுரங்கத்துக்குள் தொப்பி போட்டு ஒரு மனிதர். அது தாங்கள்.

"ராவுத்தரே, பாரம் நேரா கீழே எறங்காது. எறங்க எறங்கப் பாவாடை மாதிரி விரிஞ்சுண்டே போகும். அறுபது அடி மண்ணு இருந்தா, கீழே இருக்கறவாளுக்கு மேலே பிளேன் வந்ததே தெரியாது," என்றார். உங்கள் மாமியார் முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். நன்றாகச் சொன்னாரே என்ற சந்தோஷத்தில் நானே, "அங்க ஏர்போர்ட்டே கடலத் தூத்துக் கட்டுனதாம்யா, மாப்பிள்ளை எழுதியிருந்தாரு," என்று சொல்லிவிட்டேன்.

சாரங்கபாணி ஸ்கேலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடலைத் தூத்த மண்ணா?"

"ஆமா."

"யோசிச்சிருப்பா," என்றார். பிறகு காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பெரிய பெரிய இன்ஜினீயரெல்லாம் இருப்பா. யோசிச்சிருப்பா," என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது என் தோளைத் தட்டி, "யோசிக்காம இருப்பாளா?" என்றார்.

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் உங்கள் மாமியார் சொன்னாள், "மூணு தடவ சொன்னாரே. நம்பிக்கை இருந்தா ஒரு தடவ போதும்ல?"

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். ரோட்டுக்குக் குறுக்கே சிமெண்டுக் குழாய் புதைத்துத் தண்ணீர் விடுகிறோமே, அதன் மேல் தினமும் லாரி போகிறது, குழாய் உடைகிறதா என்று கேட்டார். அது என் மனதில் தங்கிவிட்டது. கண்ணால் பார்த்தால் நம்பாதவர்கள் உண்டா? தறிக்கூடத்துக்குப் பின்னால் காலி இடத்தில் மூன்றடி ஆழம் தோண்டி, சாக்கடைக்கென்று வாங்கி மிச்சம் கிடந்த சிமெண்டுக் குழாய் ஒன்றை வைத்து, ஒரு வாய்ப்பக்கம் மட்டும் குழியைத் திறந்து விட்டு, மண்ணைப் போட்டு மூடினேன். குழாய்க்குள் தங்களுக்குப் பதிலாக ஒரு கோழிமுட்டை. முட்டை உருளாமல் இருக்கட்டுமென்று கொஞ்சம் பேண்டேஜ் துணி சுற்றி வைத்தேன். உங்கள் மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "அங்க மாப்பிள்ளையத் துணி சுத்தியா வச்சிருக்காக?" என்றாள். நியாயம்தான். துணியை எடுத்துவிட்டேன்.

நம் நூல் லாரி டிரைவர் சிவனாண்டி மில்லிலிருந்து மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். இதன் மேல் ஓட்ட வேண்டும் என்றேன்.

"எதுக்கு மொதலாளி? வழிதான் முன்னால இருக்கே."

"இத ஏர்போர்ட்டுன்னு நெனச்சுக்கோப்பா."

சிவனாண்டி செத்த நேரம் அந்த மண் மேட்டைப் பார்த்தார். "நான் பிளேனு மாதிரி வரணுமா, லாரி மாதிரி வரணுமா?" என்றார்.

லாரி மாதிரி வந்தால் போதும் என்று நான் சொன்னதை, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சத்தத்தில் அவர் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அந்தக் கோடியிலிருந்து ஒரு வேகத்தில் வந்தார். முன் சக்கரம் குழாயைத் தாண்டிவிட்டது. எல்லோரும் கை தட்டினோம். பின் சக்கரம் தாண்டவில்லை. குழாய்க்கு இந்தப் பக்கம் நான் இட்டு நிரப்பிய மண் சரியாகக் கெட்டிப்படவில்லை போலிருக்கிறது, சக்கரம் அச்சு வரைக்கும் உள்ளே போய், லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கயிறு அறுந்து, மேலே இருந்த நூல் மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஒரு மூட்டை கோழிக்கூண்டின் மேல் வந்து நின்றது. சிவனாண்டி கதவு வழியாக இறங்க முடியாமல் ஜன்னல் வழியாக இறங்கினார். தெருவே கூடிவிட்டது. ஏன் லாரி இங்கே வந்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஏர்போர்ட் என்று சொல்ல முடியுமா?

நான் மட்டும் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக் குழாய்க்குள் கையை விட்டேன். முட்டை இருந்தது, மாப்பிள்ளை! ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. குழாயும் உடையவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் முட்டையைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா, பாத்தியா, மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல," என்று கூவினேன்.

உங்கள் மாமியார் முட்டையைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டைக்கு ஒண்ணும் ஆகல, சரி. லாரியில்லா கவுந்து கெடக்கு. லாரிதான நாம?"

இதற்குப் பதில் தங்களிடம் இருந்தால் எழுதுங்கள். அதுவரை தங்கள் உயிருக்கு மட்டும் பயந்துகொண்டிருந்தவளுக்கு அன்றிலிருந்து எங்கள் மூவர் உயிருக்கும் சேர்த்துப் பயம். டிராக்டர் கொண்டுவந்து லாரியை இழுத்து வெளியே விடுவதற்கு மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. சிவனாண்டி இப்போது மூட்டை இறக்க வந்தால் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, "மொதலாளி, இன்னைக்கு ஏர்போர்ட்டு இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

இனிமேல் குழாய், லாரி எல்லாம் உதவாது, நிஜமான சுரங்கத்தைத்தான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். நமக்கென்ன சுரங்கத்துக்குப் பஞ்சமா? போன ஞாயிற்றுக்கிழமை மூவரும் இராஜபாளையம் ஸ்டேஷனில் கொல்லம் போகிற வண்டியில் ஏறினோம். செங்கோட்டை தாண்டி, பகவதிபுரத்துக்கு அப்பால் மலையைக் குடைந்து வண்டி போகும். வெள்ளைக்காரன் காலத்துச் சுரங்கம், தலைக்கு மேல் ஒரு முழு மலை, எத்தனை வருஷமாக நிற்கிறது. தென்காசி வரைக்கும் உங்கள் மாமியார் எலுமிச்சம்பழச் சோறும் வறுத்த கோழியும் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்து நன்றாகத்தான் வந்தாள். செங்கோட்டையில் பேச்சு நின்றது. பகவதிபுரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி ஊதிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் ஒரே இருட்டு, ஈர வாசனை, சக்கரச் சத்தம் சுவரில் பட்டு இரண்டு மடங்காகக் கேட்கிறது. யாரோ என் கையைப் பிடித்த பிடியில் விரல் நெட்டி முறிந்தது. ஆயத்துல் குர்ஸி ஓதும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டியில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆரியங்காவு ஆள் ஒருவர், தினமும் போகிற வண்டிதானே, யாருக்கு உடம்பு சரியில்லை என்று மலையாளத்தில் விசாரித்தார்.

அந்த இருட்டுக்குள் சௌதா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தேன், மேலேயிருந்து சொட்டிய தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. ஊறுகாய்ப் பேச்சுக்குப் பிறகு அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"இம்புட்டு இருட்டுலயா இருக்காக, அத்தா? இந்தக் கொஞ்ச தூரத்துக்கே நமக்கு இப்படி இருக்கு. அவுக காலையில போயி சாயங்காலம்லா மேல வாராக."

அவள் அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஈரம் தானாகக் காய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்களுக்குக் கவலையெல்லாம் விமானம் விழுமா விழாதா என்பதில், அந்தப் பிள்ளைக்குக் கவலை தாங்கள் தனியாக இருட்டில் நிற்கிறீர்கள் என்பதில். இதை எழுதலாமா கூடாதா என்று இரண்டு தடவை பேனாவை மூடித் திறந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆரியங்காவில் இறங்கி, திரும்பும் வண்டிக்குக் காத்திருந்தபோது, டீ குடித்துத் தெம்பு வந்தபின் நான் மெதுவாகக் கேட்டேன், "பாத்தீல்லா, எம்புட்டுப் பெரிய மலை. விழுந்துச்சா?"

உங்கள் மாமியார் மலையை அண்ணாந்து பார்த்தாள். "மலை சும்மா ஒக்காந்திருக்கு. என்னைக்கோ வந்து ஒக்காந்தது, அம்புட்டுத்தான். பிளேனு மேலேருந்து குதிக்குதுல்லா? தெனமும் நூறு மலை வந்து குதிச்சா இந்தச் சொரங்கம் நிக்குமா?"

பக்கத்தில் டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.

கடைசி முயற்சியாக நாலு நாள் முன்பு டெலிபோன் பூத்துக்குப் போய், மதுரையில் டிக்கெட் தேதி போட்டுக் கொடுக்கும் ஏஜெண்டைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னல் ஓரம் வேண்டுமா, நடுவில் வேண்டுமா என்று கேட்டார். உங்கள் மாமியார் பக்கத்தில் நின்று விலாவில் இடித்ததால், அதெல்லாம் எந்த ஓரமும் பரவாயில்லை, அங்கே எந்த ஓடுபாதையில் இறக்குவார்கள் என்று கேட்டேன். அவர் முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாராம், ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லையாம். விசாரித்ததில் அங்கே ஓடுபாதை ஒன்றல்ல, இரண்டு என்று சொன்னார். எதில் இறங்குவது என்பது காற்றைப் பொறுத்ததாம். ஆக, நம் நான்கு பேர் விதியும் காற்றின் கையில் இருக்கிறது என்று உங்கள் மாமியாருக்கு இப்போது ஒரு புதுக் கவலை. காலையில் எழுந்ததும் முற்றத்தில் நின்று ஒரு விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடிக்கிறாள். இங்கே அடிக்கிற காற்றும் அங்கே அடிக்கிற காற்றும் ஒன்றா என்று நான் கேட்கவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை அவர்களிடம் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தங்கள் பெரிய இன்ஜினீயரிடம் சொல்லி, தலைக்கு மேல் மண் எத்தனை அடி, அது கடலைத் தூர்த்த மண்ணா பழைய மண்ணா, எத்தனை விமானம் இறங்கினாலும் தாங்குமா என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் வாங்கி அனுப்பவும். இங்கிலீஷில் இருந்தால் சாரங்கபாணி வாசித்துச் சொல்வார், ஆனால் அவர் மூன்று தடவை வாசிப்பார், அதனால் தமிழில் இருந்தால் உத்தமம். அது முடியாவிட்டால் நாங்கள் வருகிற நாளில் மட்டும் தங்களுக்கு லீவு கேட்டுப் பார்க்கவும். அதுவும் முடியாவிட்டால் இரண்டாவது ஓடுபாதையில் இறக்கச் சொல்லி அங்கே உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை போட்டு வைக்கவும். ஏர்போர்ட்டில் இத்தனை நாள் வேலை பார்க்கிறீர்கள், நாலு பேரையாவது தெரியாமல் இருக்காது. இவற்றில் எதுவும் நடக்காதென்றால், டிக்கெட்டைத் திருப்பி அனுப்புவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை நாளைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தயார். எனக்கு என்ன பயம்? பயந்த பெண்பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்றுதான் தயங்குகிறேன். தாங்கள் புத்திசாலி, புரிந்துகொள்வீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடவும். தொப்பியைக் கழற்ற வேண்டாம், சாப்பிடும்போதும் வேண்டாம். சுரங்கத்தில் தங்களோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும், அவர்கள் எந்த ஊர், எந்தப் பாஷை ஆனாலும், எங்கள் ஸலாமைச் சொல்லவும். எல்லோருக்கும் மேலே இருப்பவன், எல்லோருக்கும் கீழே இருக்கிற தங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
மு. ஜெய்னுலாப்தீன்

பின்குறிப்பு:

மச்சானுக்கு சௌதா எழுதுவது. கவரில் இங்கிலீஷில் அட்ரஸ் எழுதித் தரச் சொல்லி அத்தா இதை என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்தால் படிக்காமல் இருக்க முடியுமா? நடந்ததெல்லாம் அத்தா எழுதியபடிதான் நடந்தது, ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒரே ஒரு திருத்தம். 'உங்கள் மாமியார்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்றும், 'நான்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'உங்கள் மாமியார்' என்றும் மாற்றிப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கவும்.

அம்மா டிக்கெட் வந்த அன்றைக்கே பெட்டி கட்டிவிட்டார்கள். இன்று காலை அம்மாவே பூத்துக்குப் போய், டிசம்பர் இரண்டாம் தேதி இரவு விமானத்துக்கு மூன்று டிக்கெட்டுக்கும் தேதி போட்டுவிட்டு வந்து, "அவுக வந்தா வரட்டும், வராட்டி இருக்கட்டும், நீயும் நானும் போறோம் வாடி" என்று சொல்லிவிட்டார்கள். அத்தா மத்தியானம் கடைக்குப் போய்த் தலைக்குச் சாயம் வாங்கிக்கொண்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். கடிதத்தை எப்போது தபாலில் சேர்ப்பாய் என்று இதுவரை கேட்கவில்லை.

மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குவோம். எந்த ஓடுபாதை என்று தெரியாது. அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நீங்கள் மேலே ஏறி வந்து நில்லுங்கள், மச்சான்.